சொல் மாறியபோது மௌனமானவர்கள்



மாலை வேளையில் உங்கள் இல்லத்தில் செபமாலை சொல்லப்படுகின்றதா? அப்படியெனில் இன்று ஒரு கணம் செவிகொடுத்துக் கேளுங்கள். பிள்ளைகள் "இயேசு" என்கின்ற இடத்தில் மூலையில் பாயில் அமர்ந்திருக்கும் முதியவர் "சேசு" என்பார். அவர்கள் "தூய ஆவி" என்கையில் இவர் வாயில் "இஸ்பிரீத்துசாந்து" என்று வரும். அவர்கள் "விண்ணகம்" என்று முடிப்பதற்குள் இவர் "மோட்சம்" என்று முடித்திருப்பார். ஒரே செபமாலை, ஒரே மணி, ஆனால் இரு வேறு மொழிகள். சில வீடுகளிலே அந்த முதியவரின் குரலே கேட்பதில்லை. மணிகளை உருட்டும் விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். அந்த மௌனத்தைப் பற்றித்தான் இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகின்றேன்.

பேசுவதற்கு எனக்கு ஒரு காரணமும் உண்டு. எழுபதுகளின் பிற்பகுதியில் மறைப்பாடசாலையிலே புதிய செபங்களைப் பிழையின்றி ஒப்புவித்துப் பரிசு பெற்ற பெருமையோடு வீடு திரும்பிய நான், அன்று மாலையே என் அம்மம்மாவைத் திருத்தத் தொடங்கினேன். மங்கள வார்த்தை செபத்தில் வரும் "பிரியதத்தம்" என்ற சொல்லை அவர் உச்சரித்ததும், "அது பழசு, இப்ப அருள் எண்டுதான் சொல்லவேணும்" என்றேன். மறுநாளும் திருத்தினேன். மூன்றாம் நாள் அவர், "நீ சொல்லு பிள்ளை, நான் கேக்கிறன்" என்றார். அதன் பின்னர் எங்கள் வீட்டுச் செபமாலையில் அவர் குரல் கேட்கவில்லை. அதை ஒரு வெற்றியாகவே நான் எண்ணிக்கொண்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன்.

என் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அதற்கு முன்பு பல ஆண்டுகளாக அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த நான், பிரியதத்தம் என்பது மாதாவின் ஊர்ப்பெயர் என்றே நினைத்திருந்தேன்! பொருள் விளங்காத சொல்லைப் பிள்ளையின் வாயில் வைப்பது செபமாகாது; அருள் என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். மாற்றம் தேவைப்பட்டது. ஆனால் அது எப்படி வந்தது, யாரை விட்டுவிட்டு வந்தது என்பதே கேள்வி.

ஒரு சொல்லுக்காக ஓர் ஆலயமே கொந்தளித்த வரலாறு திருச்சபையில் உண்டு. இன்றைய லிபியாவின் திரிப்போலி நகரம் அந்நாளில் ஓயா என அழைக்கப்பட்டது. அந்நகர ஆயர் ஒருநாள் ஆலயத்தில் இறைவாக்கினர் யோனாவின் நூலைப் புனித எரோணிமுஸ் புதிதாகச் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து வாசிக்கச் செய்தார். கிரேக்கத்தின் வழியாக வந்த பழைய இலத்தீன் வாசகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய மக்களுக்கு, எபிரேய மூலத்திலிருந்து நேரே பெயர்க்கப்பட்ட இந்த வாசகத்தில் ஒரு சொல் மட்டும் இடறியது. பெரும் குழப்பம் மூண்டது. அங்கு வாழ்ந்த யூதர்களிடம் போய் எபிரேயத்தில் உண்மையில் என்ன இருக்கின்றது என்று ஆயர் கேட்கவேண்டியதாயிற்று. இறுதியில், மக்களே இல்லாத ஆயராகிவிடுவோமோ என அஞ்சி அவர் அச்சொல்லைப் பழையபடி மாற்றிக்கொண்டார். இதனைப் புனித அகுஸ்தீனார் கி.பி. 403இல் எரோணிமுசுக்கு எழுதிய கடிதத்தில் விபரித்துள்ளார்.

அது எந்தச் சொல் என்று அகுஸ்தீனார் குறிப்பிடவில்லை. யோனாவின் தலைக்கு நிழல் தந்த செடியின் பெயராகத்தான் இருக்கவேண்டும் என்று எரோணிமுஸ் தமது பதிலில் எடுத்துக்கொண்டார். மக்கள் கேட்டுப் பழகியது சுரைக்கொடி. எரோணிமுஸ் எழுதியதோ சுவரிலே படரும் வேறொரு கொடி. (நமது தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்கு. ஆமணக்கே மூலத்துக்கு நெருங்கியது எனப் பல அறிஞர்கள் கருதுகின்றனர். அப்படிப் பார்த்தால் சண்டையிட்ட இரு தரப்பினருமே செடியைச் சரியாகப் பிடிக்கவில்லை.) எரோணிமுஸ் பதிலில் சற்றுக் காரமாகவே எழுதினார். மொழியறிவில் அவரை மிஞ்ச அந்நாளில் ஆளில்லை. ஆயினும் அறிவில் சரியாக இருந்த அவரைவிட, மக்கள் கலைந்துவிடக் கூடாதே என்று தவித்த அந்தப் பெயர் தெரியாத ஆயர்தான் எனக்கு நெருக்கமாகத் தெரிகின்றார். அவர் மீதும் குறையுண்டு: முன்கூட்டி ஒரு வார்த்தை விளக்காமல் வாசிக்க வைத்துவிட்டார்.

கதை அத்தோடு முடியவில்லை. மக்கள் அன்று சத்தமிட்டு எதிர்த்த அந்த மொழிபெயர்ப்பே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மேற்கத்திய திருச்சபையின் விவிலியமாக நிலைபெற்றது. 1516இல் எராஸ்முஸ் கிரேக்க மூலத்தோடு புதியதோர் இலத்தீன் புதிய ஏற்பாட்டை வெளியிட்டபோது, எரோணிமுசின் சொற்களில் கைவைக்க இவர் யார் என்று இறையியலாளர் பலர் சீறினர். 1546இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் எரோணிமுசின் பெயரால் வழங்கிய அந்தப் பழைய இலத்தீன் விவிலியத்தையே அதிகாரபூர்வமானது என அறிவித்தது. ஓயா நகரத்தாருக்கு அபத்தமாகத் தோன்றிய புதுமை, அவர்களின் பேரர்களின் பேரர்களுக்கு அசைக்கக் கூடாத மரபாகிவிட்டது.

தமிழிலும் இதுவே நடந்தது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் அறியாதவர். இரு மொழிகளும் சிறிது தெரிந்தவர்களின் துணையோடு அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கி, மனனம் செய்து, கையிலே மணியை ஆட்டியபடி தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பெரும் பிழை இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் "விசுவசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில் "வேணும்" என்று வந்துவிட்டது! 1544இல் தம் உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதிய கடிதமொன்றிலே, "வேணும்" என்பது விருப்பத்தைக் குறிப்பது, ஆகையால் அதனை மாற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவர் அறிவுறுத்துகின்றார். இரண்டு வயதான பழக்கத்தை ஒரு கடிதத்தால் திருத்திவிடலாம். நானூறு வயதான பழக்கத்தை அவ்வாறு திருத்த முடியுமா?

அதே 1544ஆம் ஆண்டிலேதான் மன்னாரில், சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்ற சுமார் 600 பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். நம் மண்ணின் மறைசாட்சிகள் அவர்கள். நமது விசுவாசத்தின் மிகப் பழைய வேர் என நாம் போற்றும் அம்மக்களின் நாவில் அன்றிருந்த செபங்கள் அப்போதுதான் கற்றுக்கொண்ட புத்தம் புதியவை.

1578இல் கொல்லத்தில் அச்சான, அருட்தந்தை என்றிக்கே என்றீக்கசின் தமிழ் நூலின் பெயர் "தம்பிரான் வணக்கம்". பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். அந்நாளைய கத்தோலிக்கர் கடவுளைத் தம்பிரான் என்றே அழைத்தனர். இன்று நம்மில் யார் அப்படி அழைக்கின்றோம்? பதினேழாம் நூற்றாண்டிலே தத்துவபோதக சுவாமிகள் என்னும் ரொபேர்ட் தெ நொபிலி போன்றோரின் எழுத்துகளால் "சர்வேசுரன்" என்ற சொல் வேரூன்றியது. பின்னர் அதுவும் மெல்ல ஒதுங்கிக் "கடவுள்", "இறைவன்" என்பன அந்த இடத்துக்கு வந்தன. ஆக, என் அம்மம்மா உயிராகப் பற்றியிருந்த சர்வேசுரனும் ஒருகாலத்தில் புதியவரே. தம்பிரானை அழைத்துப் பழகிய யாரோ ஒரு மூதாட்டி, பேரப்பிள்ளை திருத்தியதைக் கேட்டு அன்றும் வாயை மூடிக்கொண்டிருப்பாள்.

புனிதர்களின் பெயர்களும் இப்படியே. அருளப்பர் யோவானானார், இராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார். ஆனாலும் நம் ஊர்களில் ஆலயங்கள் இன்னும் இராயப்பர் கோவிலாகவும் சின்னப்பர் கோவிலாகவுமே நிற்கின்றன. போர்த்துக்கேயரின் "நத்தால்" நம் நாவில் "நத்தார்" ஆகி, எந்தத் திருத்தத்துக்கும் அசையாமல் ஒவ்வோர் டிசம்பரிலும் வந்துபோகின்றது. எது நிலைக்கும், எது போகும் என்று எந்தக் குழுவாலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

இப்போது திருச்சபை என்ற நிறுவனத்தின் பக்கம் வருவோம். திருப்பலியைத் தாய்மொழியில் நிறைவேற்றலாமா என்ற கேள்வி திரிதெந்தீன் சங்கத்திலேயே எழுந்தது. எங்கும் தாய்மொழியில் நிறைவேற்றுவது உகந்ததாகத் தோன்றவில்லை என்று 1562இல் சங்கத் தந்தையர் முடிவு செய்தனர். ஆனால் மக்கள் பசியோடு இருந்துவிடாதபடி குருக்கள் திருப்பலியின் பொருளை அடிக்கடி விளக்கவேண்டும் என்றும் அவர்களே கட்டளையிட்டனர். மொழி மாறாமலே நின்றது. அந்த விளக்கமோ பல இடங்களில் மறந்தே போயிற்று. இந்த இடைவெளியை நம் நாட்டில் நிரப்பியவர்கள் கோவாவிலிருந்து வந்த ஒரத்தோரியன் சபைக் குருக்கள். 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் இங்கேயே மரித்த அருட்தந்தை யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் நம் மூத்தோர் இராகமிட்டு வாசித்து அழுத வியாகுல பிரசங்கம் அவருடையது. பீடத்தில் குருவானவர் இலத்தீனில் பலி ஒப்புக்கொடுத்தபோது, கீழே மக்களின் கண்ணீர் தமிழில் வடிந்தது.

பின்னர் மாற்றம் வந்தபோது வெள்ளம்போல் வந்தது. 1963 டிசம்பர் 4ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை ஏற்றுக்கொண்டது. ஆதரவாக 2147 வாக்குகள், எதிராக 4 மட்டுமே. 1965 மார்ச் 7ஆம் திகதி திருத்தந்தை 6ஆம் பவுல் உரோமையின் பங்கு ஆலயமொன்றில் இத்தாலிய மொழியில் திருப்பலி நிறைவேற்றினார். 1969ஆம் ஆண்டுத் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு முதல் புதிய திருப்பலி நூல் நடைமுறைக்கு வந்தது. நானூறு ஆண்டுகளாக அசையாதிருந்தது ஆறே ஆண்டுகளில் அசைந்துவிட்டது. அந்த மாற்றம் தூய ஆவியாரின் கொடை என்றே நான் நம்புகின்றேன். நற்செய்தி தமிழில் வாசிக்கப்படுவதைப் பீடத்தின் முன் நின்று கேட்ட முதல் தலைமுறையின் மகிழ்ச்சியை என் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

ஆனால் அதே ஏட்டின் 23ஆம் இலக்கத்தை நாம் மறந்துவிடுகின்றோம். திருச்சபையின் நன்மைக்கு மெய்யாகவும் உறுதியாகவும் தேவைப்பட்டாலன்றிப் புதுமைகளைப் புகுத்தலாகாது, புகுத்தப்படுபவையும் ஏற்கெனவே உள்ளவற்றிலிருந்து இயல்பாக வளர்ந்தவையாக இருக்கவேண்டும் என்று அது எச்சரிக்கின்றது. மக்களுக்குப் பொறுமையோடு கற்பிக்குமாறு குருக்களைக் கேட்டுக்கொள்வதும் அதே ஏடுதான். பல பங்குகளில் நடந்ததென்ன? ஒரு ஞாயிறு பூசை முடிவில் ஒரு சுற்றறிக்கை வாசிக்கப்பட்டது. மறு ஞாயிறு முதல் புதிய செபப் புத்தகம்.

முதல் எருசலேம் சங்கம் இப்படிச் செய்யவில்லை. புறவினத்தார் விருத்தசேதனம் பெறவேண்டுமா என்ற கேள்வி திருச்சபையையே பிளந்துவிடக்கூடியதாக இருந்தது. திருத்தூதர் பணிகள் 15ஆம் அதிகாரத்தை மீண்டும் எடுத்து வாசித்துப் பாருங்கள். திருத்தூதர்களும் மூப்பர்களும் முடிவெடுத்ததும் அதனைக் கடிதமாக எழுதினார்கள். கடிதத்தோடு நின்றுவிடவில்லை. பர்சபா எனப்பட்ட யூதாவையும் சீலாவையும் கூடவே அனுப்பினார்கள், அதையே வாய்மொழியாகவும் எடுத்துச் சொல்வதற்காக. அவ்விருவரும் அந்தியோக்கியாவில் சிறிது காலம் தங்கி, சகோதரர்களைத் திடப்படுத்திய பின்னரே திரும்பினர். கடிதத்துக்குக் கால்கள் தேவை என்பதை முதல் திருச்சபை அறிந்திருந்தது.

அண்மைக்காலத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. பிரெஞ்சு மொழியிலுள்ள கர்த்தர் கற்பித்த செபத்தில், சோதனை பற்றிய வேண்டுதல் கடவுளே நம்மைச் சோதனைக்குள் தள்ளுவதுபோல் பொருள்படுகின்றது என்ற முறைப்பாடு 1966இல் அந்த வாசகம் வந்த நாள் முதலே இருந்தது. அந்த ஒரு வரி பிரான்சின் ஆலயங்களில் மாறியது 2017 டிசம்பர் 3ஆம் திகதிதான். ஐம்பது ஆண்டுகள்! அதிகம்தான். ஆயினும் இத்தனை கோடி பேர் அன்றாடம் சொல்லும் ஒரு வரியில் கைவைக்கத் திருச்சபை தயங்கியதை நான் சோம்பலென்று சொல்லமாட்டேன்.

எதிர்ப்புகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்கவும் கூடாது. நம் பங்குகளில் "இது எங்கட பரம்பரை வழக்கம்" என்று உரத்துப் பேசுகின்றவர்கள் பெரும்பாலும் எதைக் காக்கின்றார்கள்? திருவிழாவில் சுருபம் காவும் உரிமை, எந்தக் குடும்பம் எந்தப் பீடத்தை அலங்கரிப்பது என்ற உரிமை, முன்வரிசைக் கதிரை. பெண்கள் வாசகம் வாசிக்க வந்தபோது முகம் சுளித்தவர்களும் மரபின் பெயரையே சொன்னார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் வாசகர் பணியையும் பீடத்துணைவர் பணியையும் முறைப்படி பெண்களுக்கும் திறந்துவிட்ட பின்னரும் அந்த முகச்சுளிப்பு சில இடங்களில் மறையவில்லை. இவர்கள் காப்பது விசுவாசத்தை அல்ல, தம் இடத்தை. இவர்களுக்கு அஞ்சி எத்தனையோ நல்ல மாற்றங்கள் பங்குச்சபைக் கூட்டங்களிலேயே புதைந்துபோகின்றன. மறுபுறத்தில், வாழ்வின் அத்தனை துயரிலும் தன்னைத் தாங்கிய சொற்களை இழந்த மூதாட்டி எந்தக் கூட்டத்துக்கும் வந்து முறையிடுவதில்லை. சத்தமிடுபவர்களுக்காக மாற்றத்தை நிறுத்துகின்றோம். மௌனமானவர்கள் இருக்கின்றார்கள் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் இல்லத்தில் யூதாவும் சீலாவும் நீங்கள்தான். பிள்ளைகளுக்குப் புதிய செபங்களைத் தெளிவாகக் கற்றுக்கொடுங்கள். அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் பாட்டியைத் திருத்தும் வேலையை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பத்து மணியையாவது அவர் தம்முடைய சொற்களில் முன்னின்று சொல்லட்டும். சேசு என்றால் யார், சம்மனசு என்றால் என்ன என்று பிள்ளை கேட்டால் அவரையே விளக்கச் சொல்லுங்கள். பங்குத்தந்தையர்க்கும் ஒரு பணிவான விண்ணப்பம்: இனி ஒரு செபமோ ஒரு பாடலோ மாறும்போது, நோயில் வீழ்ந்தோருக்கு நற்கருணை கொண்டுசெல்லும் வேளையிலே கட்டிலருகில் அமர்ந்து, ஏன் மாறுகின்றது என்று ஐந்து நிமிடம் சொல்லுங்கள். அவர்கள் பழைய சொல்லையே சொன்னால் புன்னகையோடு ஆமென் சொல்லுங்கள்.

1995ஆம் ஆண்டு தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஒரு மறக்க முடியாத ஆண்டு. கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் இணைந்து உருவாக்கிய விவிலியப் பொது மொழிபெயர்ப்பு அவ்வாண்டிலேதான் தமிழகத்தில் வெளியானது. பல்லாண்டு உழைப்பின் கனி அது. அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுகளை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். மழை. இருள். நாவற்குழிப் பாதையில் அடியெடுத்து வைக்க இடமில்லாத சனம். நாங்களும் அந்தச் சனத்துக்குள் நடந்தோம். அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் இரவு ஒரு பாடசாலை மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தோம். செபப் புத்தகம் எவரிடமும் இல்லை. எங்கோ எறிகணைச் சத்தம் கேட்கக் குழந்தைகள் வீரிட்டு அழுதன. யாராவது செபமாலையைத் தொடங்குங்களேன் என்று ஒரு குரல் கேட்டது. ஒருவருக்கும் நாவெழவில்லை. அப்போது என் பக்கத்திலிருந்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் கேட்காத அந்தக் குரல் எழுந்தது. சர்வேசுரன், சேசு, பிரியதத்தம், இஸ்பிரீத்துசாந்து. ஒரு சொல்லும் தவறவில்லை. இருட்டுக்குள்ளிருந்து சிலர் பழைய சொற்களிலும் பலர் புதிய சொற்களிலும் மறுமொழி சொன்னார்கள். நானும் சொன்னேன். ஐந்து தேவ இரகசியங்களும் முடிந்தபோது பிள்ளைகள் பல உறங்கிவிட்டிருந்தன.

அம்மம்மா என் கையைத் தேடிப் பிடித்து, "பிழையாச் சொல்லிப்போட்டனோ பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்குச் சிறிது நேரம் சென்றது.